அந்தமானில் மின்கார் வாங்கினால் புகை குறையுமா?

மின்காருக்குப் புகைக்குழாய் கிடையாது. ஆகவே அது காற்றைக் கெடுப்பதில்லை என்று விளம்பரங்கள் சொல்கின்றன. போர்ட் பிளேரில் குடியிருப்பவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்கள் வீட்டு பிளக்கில் வரும் மின்சாரத்தின் பெரும்பகுதி டீசலை எரித்துக் கிடைப்பது. காருக்குள் எரிய வேண்டிய எண்ணெயைப் பவர் ஹவுஸில் எரித்து, கம்பி வழியாக வீட்டுக்குக் கொண்டுவந்து, பேட்டரியில் ஏற்றி ஓட்டுவதில் யாருக்கு என்ன லாபம்? பெட்ரோல் போட்டே ஓட்டிவிடலாமே?

நியாயமான கேள்விதான். உணர்ச்சியை ஒதுக்கிவிட்டுப் பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்தால் பதில் கிடைத்துவிடும். சுருக்கமாகச் சொன்னால், டீசல் மின்சாரத்தில் ஓடினாலும் மின்கார் பெட்ரோல் காரைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் கரியமில வாயுவை வெளியேற்றுகிறது. ஆனால் அந்தக் கொஞ்சம், எந்தத் தீவு, எந்த வண்டி, ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதைப் பொறுத்து நல்ல லாபமாகவும் மாறும், ஒன்றுமில்லாமலும் போகும். அது எப்படி என்று படிப்படியாகப் பார்க்கலாம்.

தீவுக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது?

சென்னையிலிருந்து போர்ட் பிளேர் ஏறத்தாழ 1,350 கிலோமீட்டர். 2024 செப்டம்பரில் மத்திய அரசு இந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியது. பேச்சு வழக்கில் பழைய பெயரும் நீடிக்கிறது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கண்ணாடியிழைக் கேபிள் போட்டு, அந்தமானுக்கு வேகமான இணையம் கொண்டுவந்தார்கள். அந்தக் கேபிளில் வருவது தகவல் மட்டும். மின்சாரம் வருவதில்லை. தமிழ்நாடு, கேரளம், குஜராத் எல்லாம் ஒரே தேசிய மின்கட்டமைப்பில் பிணைந்திருப்பதுபோல அந்தமான் பிணைந்திருக்கவில்லை. தீவுகள் தங்கள் மின்சாரத்தைத் தாங்களேதான் தயாரித்துக்கொள்ள வேண்டும்.

பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருபவை டீசல் ஜெனரேட்டர்கள். தென் அந்தமானில் சாத்தம், ஃபீனிக்ஸ் பே போன்ற பவர் ஹவுஸ்கள் நகரத்துக்குள்ளேயே இருக்கின்றன. கடலால் பிரிக்கப்பட்ட சின்னத் தீவுகளுக்குத் தனித்தனி பவர் ஹவுஸ். டீசல் மெயின்லேண்டிலிருந்து டாங்கர் கப்பலில் வந்து இறங்கி, அங்கிருந்து மற்றத் தீவுகளுக்குப் போகிறது.

டீசலை விட்டால் இரண்டு வழிகள். வடக்கு அந்தமானில் டிக்லிபூருக்கு அருகே கல்போங் ஆற்றில் 5.25 மெகாவாட் நீர்மின் நிலையம் இருக்கிறது. என்.எச்.பி.சி. கட்டிய இது 2001 முதல் இயங்குகிறது. தென் அந்தமானில் சூரிய மின்சாரம். என்.டி.பி.சி. 2013ல் காராசர்மாவில் 5 மெகாவாட் நிலையம் அமைத்தது. பிறகு நெய்வேலி நிறுவனமான என்.எல்.சி. இந்தியா, அட்டம்பஹாட், டாலிகஞ்ச் ஆகிய இரண்டு இடங்களில் மொத்தம் 20 மெகாவாட் அமைத்து, 8 மெகாவாட் மணி கொள்ளளவுள்ள பேட்டரியையும் சேர்த்தது; 2020ல் இவை இயங்கத் தொடங்கின.

25 மெகாவாட் என்பது பெரிதாகத் தெரியும். ஆனால் அது உச்சி வெயிலில் கிடைக்கக்கூடிய அதிகபட்ச அளவு. இரவு, மேகம், மழை எல்லாவற்றையும் கழித்துவிட்டு ஆண்டு முழுவதற்கும் சராசரி பார்த்தால் சூரியத் தகடுகள் தம் அளவில் ஆறில் ஒரு பங்குதான் கொடுக்கும். ஆக 25 மெகாவாட் நடைமுறையில் நாள் முழுக்க ஓடும் 4 மெகாவாட் ஜெனரேட்டருக்குச் சமம். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் வந்து ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்யும் ஊரில் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

நூறு கிலோமீட்டர் ஓடினால் எவ்வளவு?

முதலில் பெட்ரோல் கார். ஏற்ற இறக்கமும் வளைவுமான போர்ட் பிளேர் சாலைகளில் ஒரு சிறிய கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோமீட்டருக்கு 6.7 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வரும். ஒரு லிட்டர் எப்படி இரண்டு கிலோவுக்கு மேல் வாயு தரும் என்று சிலருக்குத் தோன்றலாம். பெட்ரோலிலுள்ள கரி எரியும்போது காற்றிலிருந்து ஆக்ஸிஜனை இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது. எடை கூடுவது அதனால்தான். இந்தக் கணக்கில் 100 கிலோமீட்டருக்கு 15.4 கிலோ.

கதை அங்கே முடிவதில்லை. கச்சா எண்ணெயைத் தோண்டி எடுக்க, கப்பலில் ஏற்ற, சுத்திகரிக்க, மறுபடி கப்பலில் ஏற்றித் தீவுக்குக் கொண்டுவர எல்லாவற்றுக்கும் எரிபொருள் செலவாகிறது. இதற்காக ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் மொத்தம் 18.5 கிலோ.

இப்போது மின்கார். இதே அளவுள்ள கார் 100 கிலோமீட்டருக்குச் சுவர் பிளக்கில் 14 யூனிட் இழுக்கும் என்று கொள்வோம். சார்ஜ் ஏறும்போது வெப்பமாக வீணாவதும் இதில் அடக்கம். பவர் ஹவுஸிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் கம்பிகளிலும் டிரான்ஸ்ஃபார்மர்களிலும் 18 விழுக்காடு இழப்பு என்று வைத்தால், பவர் ஹவுஸ் 17 யூனிட் தயாரித்தாக வேண்டும். நடுத்தர அளவுள்ள டீசல் ஜெனரேட்டர் ஒரு யூனிட்டுக்கு 0.27 லிட்டர் குடிக்கும். ஆக 4.6 லிட்டர் டீசல். ஒரு லிட்டர் டீசலுக்கு 2.68 கிலோ என்றால் 12.3 கிலோ. தோண்டியெடுத்துச் சுத்திகரித்துக் கொண்டுவரும் செலவுக்கு இங்கேயும் ஐந்தில் ஒரு பங்கு கூட்ட, 14.8 கிலோ.

பெட்ரோலுக்கு 18.5, மின்காருக்கு 14.8. முழுக்க முழுக்க டீசல் மின்சாரமாக இருந்தாலும் 100 கிலோமீட்டருக்கு 3.7 கிலோ மிச்சம்.

இதே கணக்கில் இன்னொன்றும் வெளிப்படுகிறது. யூனிட்டுக்கு 0.27 லிட்டர் என்றால் பவர் ஹவுஸில் ஒரு யூனிட்டுக்கு 0.72 கிலோ கரியமில வாயு. மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கின்படி இந்திய மின்கட்டமைப்பின் சராசரியும் அண்மை ஆண்டுகளில் இதே 0.71 முதல் 0.73 கிலோவுக்குள்தான் இருக்கிறது. நீர், காற்று, சூரியன், அணு எல்லாம் கலந்தும் அங்கே நிலக்கரியின் பங்கு அவ்வளவு பெரிது. டீசலில் ஓடும் அந்தமான் மின்கார் அழுக்கு, மெயின்லேண்டில் ஓடும் மின்கார் சுத்தம் என்று பிரிப்பதற்கு இப்போதைக்கு இடமில்லை. வேறுபாடு இனிமேல்தான் வரும். மெயின்லேண்டில் காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடக் கூட அந்தச் சராசரி இறங்கும். டீசல் எஞ்சினை எத்தனை ஆண்டு ஓட்டினாலும் ஒரு லிட்டருக்கு அதே 2.68 கிலோதான்.

அதே எண்ணெய்தானே, ஏன் குறைகிறது?

எண்ணெயை எங்கே எரித்தாலும் எண்ணெய்தான் என்பது சரி. எரித்ததில் எவ்வளவு பங்கு சக்கரத்தைச் சுற்றுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

காரின் பெட்ரோல் எஞ்சின் நகரத்துக்குள் பெரும்பாலான நேரம் தனக்குப் பொருந்தாத நிலையில் ஓடுகிறது. காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிப் பிள்ளையைப் பள்ளியில் விட்டுத் திரும்புவதற்குள் அது சூடே ஏறியிருக்காது. சிக்னலில் நிற்கும்போது எரிகிறது. இறக்கத்தில் பிரேக் மிதித்தால், ஏறும்போது செலவழித்த ஆற்றலெல்லாம் பிரேக் கட்டையில் சூடாகிப் போகிறது. இப்படி ஊற்றிய பெட்ரோலின் ஆற்றலில் நாலில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தாலே பெரிது.

பவர் ஹவுஸ் எஞ்சின் ஒரே வேகத்தில், தனக்கு ஏற்ற சுமையில் மணிக்கணக்காக ஓடுகிறது. டீசலின் ஆற்றலில் 35 முதல் 40 விழுக்காட்டை மின்சாரமாக்கிவிடும். கம்பியிலும் சார்ஜரிலும் கொஞ்சம் இழந்தாலும், மோட்டார் தன்னிடம் வந்த மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கைச் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. இறக்கத்தில் அதே மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரியை நிரப்புகிறது. மேடும் பள்ளமுமான போர்ட் பிளேரில் இது சின்ன விஷயமல்ல. ஜிர்காடாங் சோதனைச்சாவடியில், பாராடாங் போகும் வண்டிகளின் கான்வாய்க்காக வரிசையில் நிற்கும்போதும் மோட்டார் எதையும் குடிப்பதில்லை.

பேட்டரி என்கிற கடன்

இதுவரை பார்த்தது ஓட்டும்போது வரும் கணக்கு. ஆனால் மின்கார் ஷோரூமிலிருந்து வெளியே வரும்போதே தலையில் ஒரு கடனுடன் வருகிறது. லித்தியம், நிக்கல் போன்றவற்றைத் தோண்டியெடுத்துச் சுத்திகரித்து பேட்டரியாக்குவதற்கு நிறைய ஆற்றல் வேண்டும். சுவீடனின் ஐ.வி.எல். ஆய்வு நிறுவனம் 2017ல் ஒரு கிலோவாட் மணி பேட்டரிக்கு 150 முதல் 200 கிலோ கரியமில வாயு என்று கணக்கிட்டது. மின்காரே ஏமாற்று என்று பேசுபவர்கள் இன்றைக்கும் கையில் எடுப்பது அந்த எண்ணைத்தான். அதே நிறுவனம் தொழிற்சாலைகள் மேம்பட்ட பிறகு 2019ல் திருத்தி வெளியிட்டது 61 முதல் 106 வரை.

நடுவில் 75 என்று எடுத்துக்கொள்வோம். 30 கிலோவாட் மணி பேட்டரிக்கு 2,250 கிலோ. காரின் மற்ற பாகங்களைச் செய்வதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்று விட்டுவிடலாம். ஆக மின்கார் 2,250 கிலோ கடனில் தொடங்குகிறது. 100 கிலோமீட்டருக்கு 3.7 கிலோ வீதம் அடைக்கிறது. கடன் தீர ஏறத்தாழ 61,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். அதற்குப் பிறகு ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும்தான் உண்மையான லாபம்.

61,000 கிலோமீட்டர் சென்னையில் பலருக்கு நாலைந்து ஆண்டு ஓட்டம். போர்ட் பிளேரில் அப்படியல்ல. தீவு சிறியது. அபர்டீன் பஜாருக்குப் போய்வர, அலுவலகம் போய்வர என்று ஒரு குடும்பக் கார் நாளுக்கு 20 கிலோமீட்டர் ஓடினால் ஆண்டுக்கு 7,300. கடன் தீர எட்டு ஆண்டுக்கு மேலாகும். பல நிறுவனங்கள் பேட்டரிக்குத் தரும் உத்தரவாதமே எட்டு ஆண்டுதான்.

ஒரு வாடகைக் கார் இதே தீவில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு வண்டூர், சிடியா டாப்பு என்று ஒவ்வொன்றுக்கும் போய்வர ஐம்பது, அறுபது கிலோமீட்டர் ஓடுகிறது. நாளுக்கு 70 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள் என்று கணக்கிட்டால் 21,000. மூன்று ஆண்டில் கடன் தீர்ந்துவிடும். அதே கார், அதே மின்சாரம். ஓடும் தூரம்தான் வேறு.

தூய்மையான போக்குவரத்துக்கான பன்னாட்டு மன்றமான ஐ.சி.சி.டி. 2021ல் வெளியிட்ட ஆய்வு பேட்டரியையும் உட்படுத்தி, கார் பிறந்தது முதல் கழிவாகும் வரை உலகின் பல நாடுகளில் கணக்கிட்டது. நடுத்தர மின்கார் பெட்ரோல் காரைவிட ஐரோப்பாவில் 66 முதல் 69 விழுக்காடும், அமெரிக்காவில் 60 முதல் 68 விழுக்காடும், சீனத்தில் 37 முதல் 45 விழுக்காடும் குறைவாக உமிழ்கிறது. இந்தியாவில் 19 முதல் 34 விழுக்காடு. லாபம் எல்லா இடத்திலும் இருக்கிறது. மின்சாரம் கருத்திருக்கும் இடத்தில் அது சுருங்குகிறது. அந்தமான் இந்த வரிசையின் கடைசிப் பக்கம்.

தீவுக்குத் தீவு மாறும் கணக்கு

அந்தமான் என்று ஒரே கணக்காகப் போட்டுவிடவும் முடியாது. சின்னத் தீவுகளில் ஜெனரேட்டரும் சின்னது. தேவை குறைந்த நேரத்தில் பாதிச் சுமையில் ஓடும்போது அதன் திறன் இன்னும் இறங்கும். யூனிட்டுக்கு 0.30 லிட்டர், வழியில் இழப்பு 20 விழுக்காடு என்று வைத்தால் மின்கார் 100 கிலோமீட்டருக்கு 16.9 கிலோ. பெட்ரோல் காருடன் வித்தியாசம் வெறும் 1.6. கடன் தீர 1,40,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஜெட்டியிலிருந்து கடற்கரைக்கும் கடற்கரையிலிருந்து ஜெட்டிக்கும் ஓடும் தீவில் இது நடக்கிற காரியமல்ல. அங்கே டீசலை மட்டும் நம்பி மின்கார் வாங்குவதால் வானத்துக்கு எந்த நன்மையும் இல்லை.

டிக்லிபூர் பக்கம் போனால் கணக்கு தலைகீழ். மழை நன்றாகப் பெய்து கல்போங் அணை நிறைந்திருக்கும் மாதங்களில் அங்கே ஏறும் மின்சாரத்தில் பெரும்பங்கு தண்ணீரில் விளைந்தது. மழை பொய்த்தால் அங்கும் டீசல்தான் கைகொடுக்கும்.

தென் அந்தமானில் மின்சாரத்தில் சூரியனின் பங்கு கூடக் கூட எப்படி மாறும்? சூரியத் தகடு செய்வதற்கான உமிழ்வையும் சேர்த்தே பார்ப்போம்.

• ஐந்தில் ஒரு பங்கு சூரியன் என்றால் மின்கார் 100 கிலோமீட்டருக்கு 12 கிலோ. கடன் தீர சுமார் 35,000 கிலோமீட்டர்.

• பாதி சூரியன் என்றால் 7.7 கிலோ. கடன் தீர சுமார் 21,000 கிலோமீட்டர்.

• முழுக்கச் சூரியன் அல்லது நீர் என்றால் ஒரு கிலோவுக்கும் கீழே. கடன் தீர 13,000 கிலோமீட்டர் கூட வேண்டாம்.

உங்கள் காருக்குள் ஏறியது யாருடைய மின்சாரம்?

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். மொத்த மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு சூரியன் என்றால் என் காருக்கும் ஐந்தில் ஒரு பங்கு சூரியன் என்று எண்ணிக்கொள்வது இயல்பு. ஆனால் பவர் ஹவுஸ் வேலை செய்வது அப்படியல்ல.

சூரிய நிலையம் கொடுக்கிற அத்தனை யூனிட்டும் ஏற்கெனவே யாரோ பயன்படுத்திவிடுகிறார்கள். இரவு எட்டு மணிக்கு நீங்கள் புதிதாக ஒரு காரைச் செருகினால், அந்தக் கூடுதல் சுமையைத் தாங்க சூரியன் கூடுதலாக எரியப்போவதில்லை. ஜெனரேட்டர்தான் கூடுதலாக டீசல் குடிக்கும். அதுவும் மாலை ஆறிலிருந்து பத்து வரை வீட்டு விளக்கு, மின்விசிறி, ஏசி, ஓட்டல்கள் என்று தேவை உச்சத்தில் இருக்கும் நேரம். ஆக இன்றைய நிலையில் இரவில் சார்ஜ் ஏறும் கார் அனேகமாக முழு டீசல் கார். சராசரியைப் பார்க்காமல், புதிதாகச் சேரும் ஒரு யூனிட்டை யார் தருகிறார் என்று பார்ப்பதே சரியான கணக்கு.

நண்பகலில் நிலைமை வேறு. டீசல் எஞ்சினை அதன் அளவில் 30 விழுக்காட்டுக்குக் கீழே நெடுநேரம் ஓட்டினால் எண்ணெய் சரியாக எரியாமல் கரி படியும். அதனால் உச்சி வெயிலில் சூரிய மின்சாரம் நிறைய வந்தாலும் எஞ்சின்களை ஓரளவுக்கு மேல் இறக்க முடியாது. சூரியத் தகடுகள் மேலும் கூடினால் அவற்றில் ஒரு பகுதியை நிறுத்திவைக்க வேண்டிய நிலை வரும். அந்த நேரத்தில் சார்ஜ் ஏற்றும் கார், வீணாகப் போகும் வெயில் மின்சாரத்தைக் குடிக்கிறது. கரியமில வாயு ஏறத்தாழ பூஜ்யம். அலுவலக வாசலிலும் ஜெட்டி வாகன நிறுத்தத்திலும் பகல் நேர சார்ஜிங் வசதி இருந்தால் தீவுக்குக் கிடைக்கும் பயன் இதுதான்.

வீட்டு மாடியில் சூரியத் தகடு வைத்திருப்பவர்கள் என் கார் வெயிலில் ஓடுகிறது என்று சொல்வதும் பாதிதான் சரி. காருக்குப் போகாமல் இருந்தால் அந்த மின்சாரம் கட்டமைப்புக்குப் போய் வேறெங்கோ டீசலைக் குறைத்திருக்கும். காருக்காகவே கூடுதலாகத் தகடு போட்டவர் மட்டும் முழு உரிமையோடு அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் அந்தமானில் வீட்டு மாடிக்கு 85,800 ரூபாய் வரை மானியம் கிடைப்பதால், கார் வாங்கும்போதே இதையும் சேர்த்து யோசிப்பது நல்லது.

மின்கட்டணத்தை வைத்து இதை அளக்கவும் முடியாது. டீசலில் ஒரு யூனிட் தயாரிக்க ஆகும் செலவு தீவுவாசி கட்டும் கட்டணத்தைவிடப் பல மடங்கு. மீதியை அரசு தாங்குகிறது. பில் குறைவாக வருவதால் புகையும் குறைவு என்று முடிவு கட்டினால் தப்பாகிவிடும்.

ஸ்கூட்டர் ஜெயிக்கிறது

கார்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் தீவுச் சாலைகளை நிறைத்திருக்கும் வண்டியை விட்டுவிட்டோம். பெட்ரோல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தருகிறது என்றால், எண்ணெய் கொண்டுவரும் செலவும் சேர்த்து 100 கிலோமீட்டருக்கு 6.2 கிலோ. மின்ஸ்கூட்டர் 100 கிலோமீட்டருக்கு 3 யூனிட் இழுக்கும். அதே டீசல் மின்சாரம், அதே கம்பி இழப்பு என்று கணக்கிட்டால் 3.2 கிலோ. கிட்டத்தட்ட பாதி.

கடனும் சின்னது. 3 கிலோவாட் மணி பேட்டரிக்கு 225 கிலோ. 7,500 கிலோமீட்டரில் தீர்ந்துவிடும். நாளுக்கு 15 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஒன்றரை ஆண்டுக்குள். சூரியன், நீர் எதையும் எதிர்பார்க்காமல், முழு டீசலிலேயே இந்த லாபம். அந்தமானில் மின்வண்டிக்கு மானியமோ சலுகையோ கொடுப்பதானால் முதலில் ஸ்கூட்டருக்கும், அடுத்து ஆட்டோவுக்கும் வாடகைக் காருக்கும் கொடுப்பதே கணக்குக்குப் பொருந்தும். என்.டி.பி.சி.யின் துணை நிறுவனமான என்.வி.வி.என். மூலம் அந்தமானுக்கு வந்த 40 மின்பேருந்துகளும் இந்த வகையில் சேரும். நாள் முழுக்க ஓடுகிற வண்டி பேட்டரிக் கடனை வேகமாக அடைக்கும். எப்போதாவது வெளியே எடுக்கும் பெரிய பேட்டரிக் கார் கடைசியில் வர வேண்டும்.

ஹைபிரிட் வாங்கலாமா?

பெட்ரோல் எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்த ஸ்ட்ராங் ஹைபிரிட் கார் நகரத்துக்குள் லிட்டருக்கு 23 கிலோமீட்டர் தந்தால் 100 கிலோமீட்டருக்கு 12 கிலோ. முழு டீசல் மின்சாரத்தில் ஓடும் மின்காரின் 14.8ஐவிட இது குறைவு. பேட்டரியும் மிகச் சிறியது. கடன் இல்லை என்றே சொல்லலாம். ஆக இன்றைக்கு, இன்றைய மின்சாரத்தில், போர்ட் பிளேரில் ஹைபிரிட் முந்துகிறது. மின்காரை விரும்புபவர்களுக்கு இது கசப்பாக இருக்கலாம். எண்கள் அப்படித்தான் சொல்கின்றன.

ஆனால் கார் வாங்குவது ஒரு நாளுக்கான முடிவல்ல. இன்று வாங்கும் ஹைபிரிட் 2035லும் 100 கிலோமீட்டருக்கு 12 கிலோதான். பழசாகப் பழசாகக் கூடவும் செய்யும். இன்று வாங்கும் மின்கார் தன் எண்ணைத் தானே குறைத்துக்கொள்ள முடியாது, ஆனால் பவர் ஹவுஸ் அதைக் குறைத்துக் கொடுக்கும். தென் அந்தமானில் ஹோப் டவுனில் எரிவாயு மின்நிலையம் அமைக்கும் திட்டம் ஆண்டுக்கணக்காகப் பேச்சில் இருக்கிறது. சூரியனும் பேட்டரியும் சேர்த்து டீசலைக் குறைக்கும் முயற்சி வேறு இடங்களிலும் நடக்கிறது. யாழ்ப்பாணத்துக்கு அருகே நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் டீசல் ஜெனரேட்டர்களுக்குப் பதிலாகச் சூரியனும் காற்றும் பேட்டரியும் கலந்த மின்சாரம் கொண்டுவர 2024ல் இந்திய அரசின் நிதியுதவியோடு ஒப்பந்தம் ஆயிற்று. டீசல் தீவுகள் என்றைக்கும் டீசல் தீவுகளாகவே இருந்தாக வேண்டும் என்பதில்லை.

கார்களை ஒவ்வொன்றாக மாற்றி முடிக்கப் பதினைந்து ஆண்டு பிடிக்கும். மின்சாரத்தில் சூரியனின் பங்கைப் பாதி அளவுக்கு உயர்த்தினால், அதற்குள் தீவில் ஓடும் அத்தனை மின்வண்டிகளின் உமிழ்வும், பழையது புதியது பாராமல், பாதியாகும். வீடு, ஓட்டல், மருத்துவமனை, குடிநீர் மோட்டார் என்று மற்றவற்றின் புகையும் கூடவே குறையும். அந்தமானில் வண்டியை மாற்றுவதைவிடப் பவர் ஹவுஸை மாற்றுவதே பெரிய வேலை. அது நடந்தால் வண்டியை மாற்றியவருக்கு முழுப் பலனும் கிடைக்கும்.

அதுவரை, தீவில் வண்டி வாங்கப் போகிறவர் மூன்று கேள்விகளைத் தன்னிடமே கேட்டுக்கொள்ளலாம். ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவேன்? பகலில் சார்ஜ் ஏற்ற முடியுமா? எனக்குத் தேவையான அளவைவிடப் பெரிய பேட்டரியை வாங்குகிறேனா? இருசக்கர வாகனம் போதுமென்றால் யோசிக்காமல் மின்ஸ்கூட்டர் வாங்கலாம். நாளெல்லாம் ஓடும் வண்டியென்றால் மின்கார் வாங்கலாம். வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் வெளியே எடுக்கும் கார் என்றால், இருக்கும் பழைய காரை இன்னும் சில ஆண்டு ஓட்டினாலும் வானத்துக்குப் பெரிய துரோகம் ஆகிவிடாது.